கணித வகுப்பு இல்லாத ஊரிலிருந்து பொறியியலாளர் எங்ஙனம் வருவார்?

(றக்வானையில் பெற்றோரும் ஆசிரியரும் தோட்ட இளைஞரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் முழு வடிவம்)

       

அரசியல்வாதி மேடை ஏறினால் வாக்குக் கேட்பான், அல்லது வாக்குறுதி கொடுப்பான் என்பது நம் மக்களின் பழைய அனுபவம். இன்று நாம் இரண்டையும் செய்ய வரவில்லை. மூன்று பாடங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "மூன்று பாடங்களைப் பற்றிப் பேச ஆசிரியர் போதாதா? அரசியல் ஏன்?" என்று சிலர் கேட்கக்கூடும். அந்த மூன்று பாடங்களும் இந்த மலைகளில் ஏன் கற்பிக்கப்படவில்லை என்பது அரசியல் கேள்வி. ஆகையால் அதற்கு விடை கூற அரசியல்வாதிகளே கடமைப்பட்டவர்கள்.

தவணை கடந்த வழக்கு

சில காலத்திற்கு முன் ஒரு தந்தை தம் மகனை அழைத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்திற்கு வந்தார். இறப்பர்த் தோட்டத் தொழிலாளி. கையிலே ஒரு நெகிழிப் பை. அதற்குள் மகனின் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு மடித்து வைக்கப்பட்டிருந்தது. கணிதத்தில் 'ஏ', விஞ்ஞானத்தில் 'ஏ'. "ஐயா, இவன இன்ஜினியருக்குப் படிக்க வைக்கணும். எந்தக் கெம்பசுக்கு எழுதிப் போடணும்னு சொல்லுங்க" என்றார். மகன் அப்போது உயர்தர வகுப்பில் இரண்டாம் ஆண்டு. "தம்பி, என்ன பாடங்கள் படிக்கிறாய்?" என்று கேட்டோம். "தமிழ், அரசியல் விஞ்ஞானம், புவியியல்" என்றான். "ஏன் கணிதப் பிரிவு எடுக்கவில்லை?" என்றோம். "எங்க பள்ளிக்கூடத்துல அது இல்லையே, சார்" என்றான்.

நாங்கள் சட்டம் பயின்றவர்கள். சட்டத்திலே 'காலாவதி' என்று ஒன்று உண்டு. வழக்கில் நியாயம் இருக்கும், சாட்சியம் இருக்கும்; ஆயினும் குறித்த தவணை கடந்துவிட்டால் நீதிமன்றத்தின் கதவு திறவாது. அந்தத் தந்தை கொண்டு வந்த வழக்கும் அத்தகையதே. பையன் கெட்டிக்காரன், சான்று கையிலே இருந்தது. ஆனால் தவணை ஓராண்டுக்கு முன்னரே கடந்துவிட்டது. கடந்தது என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. அன்று அவர் முகத்தைப் பார்த்து அதனைச் சொல்ல நேர்ந்தவர்கள் நாங்கள். இன்னொரு தந்தைக்கு அதனைச் சொல்லும் நிலை வராதிருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கூட்டம்.

வாயில் ஒன்று, திறவுகோல் மூன்று

ஆகவே முதலில் விதியைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வீட்டுக்குப் போனதும் சுவரிலே எழுதி வையுங்கள்.

இலங்கையின் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பொறியியல் பட்டப்படிப்பிற்கு அனுமதி பெற விரும்பும் மாணவர், உயர்தரப் பரீட்சையில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் நில்லாது. பேராதனை, மொறட்டுவை, காலியிலுள்ள ருகுணுப் பொறியியல் பீடம், கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடம், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், ஸ்ரீ ஜயவர்த்தனபுர ஆகிய எங்கு செல்வதாயினும் இதுவே விதி.

பழைய தலைமுறையினருக்குத் தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகம், இரசாயனம் என நான்கு பாடங்கள் இருந்தது நினைவிருக்கும். 2000ஆம் ஆண்டுப் பரீட்சை முதல் நான்கு மூன்றாயின. இரண்டு கணிதங்களும் ஒரே பாடமாக இணைந்ததனாலேயே அதற்கு 'இணைந்த கணிதம்' என்று பெயர். பெயர் ஒன்றானது, சுமை ஒன்றாகவில்லை. உயர்தரத்தில் மாணவரை அதிகம் மலைக்க வைக்கும் பாடம் இதுவே. ஆசிரியர் இன்றித் தாமே புத்தகத்தைப் புரட்டிக் கற்றுக்கொள்ளக் கூடியவர் ஆயிரத்தில் ஒருவர் இருக்கலாம். மீதித் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் வேண்டியது ஓர் ஆசிரியர், ஒரு கரும்பலகை, தவறாமல் நடக்கும் வகுப்பு.

இந்த மூன்று பாடங்கள் நம் நாட்டு அதிகாரிகளின் பிடிவாதம் என்று எண்ணிவிட வேண்டாம். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 1964ஆம் ஆண்டு கையெழுத்தான பின், இந்த மலைகளிலிருந்து கப்பலேறிய நம் உறவினர் பலர் நீலகிரியிலே குடியமர்த்தப்பட்டனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் படிக்கிறார்கள். அவர்கள் பொறியியல் கல்லூரியில் சேர வேண்டுமாயின், தமிழ்நாட்டில் 200 மதிப்பெண்ணுக்குத் தரவரிசை போடுகிறார்கள். அதில் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பெயர்கள் சற்று வேறு, பாடங்கள் அவையே.

அணையும் மலையும் கேட்கும் பாடங்கள்

"கணிதம் வேண்டும் என்பது விளங்குகிறது. கட்டடம் கட்டுகிறவனுக்கு இரசாயனம் எதற்கு?" என்று ஒரு மாணவி எங்களிடம் கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு விடை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

பலாங்கொடைக்கு அப்பால் வளவை கங்கையை மறித்துச் சமனலவெவ அணை கட்டப்பட்டது. 120 மெகாவாட் மின்சாரம் தரவல்ல அந்தத் திட்டம் 1992ஆம் ஆண்டு நிறைவு பெற்றது. அதே ஆண்டிலேயே அணையின் வலது கரையினூடாக நீர் பீறிட்டுக் கசியத் தொடங்கியது. காரணம் யாது? அந்தக் கரையிலே சுண்ணாம்புக் கற்பாறை இருக்கிறது. நீர் சுண்ணாம்பைக் கரைக்கும். காலப்போக்கில் பாறைக்குள் துவாரங்களும் பொந்துகளும் உண்டாகும். நீர் ஏன் சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கிறது என்பது இரசாயனவியல். தேங்கிய நீர் எவ்வளவு அழுத்தத்தோடு அந்தத் துவாரத்தைத் தள்ளுகிறது என்பது பௌதிகவியல். எவ்வளவு நீர் எவ்வளவு காலத்தில் வெளியேறும் என்பது கணிதம். அந்த மூன்று பாடங்களையும் ஒரே மலையிலே நீங்கள் பார்க்கலாம்.

தேயிலை ஸ்டோருக்குள் போய்ப் பாருங்கள். கொழுந்தை வாட்டுவதற்குக் காற்று எவ்வளவு வேண்டும், ரோலர் எந்த வேகத்தில் சுழல வேண்டும், உலர்த்தும் அடுப்பின் சூடு எவ்வளவு என்பவை யாவும் இவற்றுள் அடங்கும். நம் மக்கள் நூற்றாண்டுக்கு மேலாக அந்த இயந்திரங்களை ஓட்டி வருகிறார்கள். ஓட்டத் தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்கு அவற்றை வடிவமைக்கும் கல்வியின் வாயில் ஏன் அடைபட்டிருக்க வேண்டும்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, பதுளை மாவட்டம் கொஸ்லாந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் அபாயமானது என்ற எச்சரிக்கை முன்னரே கொடுக்கப்பட்டிருந்தது. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்கள் மூடுண்டன. நம் இரத்தினபுரி மாவட்டமும் வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் பழகிப்போன மாவட்டம். 2003, 2017 ஆகிய ஆண்டுகளை இங்கு எவர் மறப்பார்?

நனைந்த மண் எந்தச் சுமையில் நெகிழும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லும் கலையிலே உலகப் புகழ் பெற்ற ஒரு தமிழர் இருந்தார். வடமராட்சிக் கம்பர்மலையிலே பிறந்த பேராசிரியர் அழகையா துரைராஜா. 1963ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் அறிஞர்களான ரொஸ்கோ, ஸ்கோபீல்டு ஆகியோருடன் இணைந்து களிமண்ணின் நெகிழ்ச்சியைப் பற்றி அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை மண்பொறியியலின் அடிப்படைகளுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. பேராதனைப் பொறியியல் பீடத்தின் பீடாதிபதியாகவும், பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்து 1994இல் மறைந்தார். ஈரமண்ணின் இயல்பை உலகுக்கு விளக்கிய ஒருவர் நம் மொழி பேசும் மக்களிடையே தோன்றினார். அந்த ஈரமண்ணின் அடியிலே உறங்கும் நம் லயத்துப் பிள்ளைகளுக்கோ அந்தக் கல்வியின் முதற்படி இன்னும் எட்டவில்லை. மலை வெடித்திருக்கிறது என்று எழுதிய அறிக்கை ஏதோ ஓர் அலுவலகத்தில் கிடப்பது வேறு. அந்த லயத்திலேயே பிறந்த பொறியியலாளன் ஒருவன் வந்து, தாய்க்கு விளங்கும் தமிழிலே "இன்றிரவு இங்கே படுக்க வேண்டாம்" என்று சொல்வது வேறு.

கிடைத்ததைத் தெரிவு என்று எண்ணாதீர்

நிற்க. உயர்தரத்திற்குப் பாடம் தெரியும்போது நம் பிள்ளைகள் விழும் குழிகள் இரண்டு மூன்று உள்ளன. அவற்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

முதலாவது குழி, மூன்றில் ஒன்றை மாற்றிக்கொள்வது. ஒரு பாடசாலையில் இணைந்த கணிதத்திற்கும் பௌதிகவியலுக்கும் ஆசிரியர் இருப்பார். இரசாயனத்திற்கு இருக்க மாட்டார். "தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலை எடுத்துக்கொள், அதுவும் விஞ்ஞானம்தானே" என்று யாரோ சொல்வார்கள். அவ்வாறு எடுத்த ஒரு பெண்பிள்ளை எங்களுக்குத் தெரியும். நல்ல புள்ளிகள் பெற்றாள். விண்ணப்பம் நிரப்பும் வேளையிலேதான், பொறியியலுக்கு அந்தச் சேர்க்கை செல்லாது என்பதை அறிந்தாள். அந்தச் சேர்க்கைக்குக் கணினி சார்ந்த வேறு சில பட்டப்படிப்புகள் உண்டு. அவற்றை இழிவாகச் சொல்லவில்லை. அறிந்து எடுப்பது வேறு, அறியாமல் மாட்டிக்கொள்வது வேறு.

இரண்டாவது, தொழினுட்பப் பிரிவையும் பொறியியலையும் ஒன்றென்று மயங்குவது. 2013ஆம் ஆண்டு உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. அதிலே 'பொறியியல் தொழினுட்பவியல்' என்று ஒரு பாடம் உண்டு. பெயரைக் கேட்டதும் பெற்றோர் மகிழ்ந்துவிடுகிறார்கள். அந்தப் பிரிவின் வழியே கிடைப்பது பொறியியல் தொழினுட்பப் பட்டம். அது பயனுள்ள பட்டம். வேலை தரும் பட்டம். ஆனால் பொறியியற் பீடத்தின் பட்டம் அன்று. இரண்டும் இரு பாதைகள். எந்தப் பாதையில் கால் வைக்கிறோம் என்பதைத் தெரிந்து வைக்க வேண்டும்.

மூன்றாவது, மருத்துவத்திற்கும் பொறியியலுக்கும் ஒருங்கே ஆசைப்பட்டு உயிரியலை எடுப்பது. உயிரியல் எடுத்தவர் இணைந்த கணிதத்தை விடுகிறார். அத்துடன் பொறியியலையும் விடுகிறார்.

இவ்வளவும் உயர்தரத்தில் நேர்பவை. உண்மையில் தெரிவு அதற்கும் முன்னரே தொடங்குகிறது. சாதாரண தரத்தின் ஒன்பது பாடங்களிலே தொகுதிப் பாடங்கள் எவை என்பதைப் பற்றி அதிகம் கலங்க வேண்டியதில்லை. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலேயே கண்ணாயிருங்கள். கணிதத்தில் எப்படியோ தப்பிச் சித்தியடைவது போதாது. அட்சரகணிதத்தில் கை தளர்ந்த பிள்ளை இணைந்த கணித வகுப்பில் முதல் மாதத்திலேயே பின்தங்கும். ஆங்கிலத்தை ஏன் சொல்கிறோம்? உயர்தரத்தைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் பொறியியற் பீடங்களிலே விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கிறது. தரம் எட்டு, ஒன்பதில் கவனியாது விட்ட குறையைப் பல்கலைக்கழக வாசலில் போய் நிரப்புவது கடினம்.

250உம் 227உம்

இனி, இந்த மூன்று பாடங்களும் நம் பிள்ளைகளுக்கு ஏன் எட்டவில்லை என்பதற்கு வருவோம். இதிலே மற்றவர்களைக் குற்றஞ்சாட்டுமுன் எங்களையும் குற்றக் கூண்டில் ஏற்றுவதே நேர்மை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்த மலைகளின் மக்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. வாக்கில்லாத மக்களுக்குப் பள்ளிக்கூடம் கேட்க எந்தப் பாராளுமன்ற உறுப்பினர் எழுவார்? கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அந்த வேளையிலும் தோட்டப் பாடசாலைகள் தோட்டத்துரைமாரின் தயவிலேயே விடப்பட்டன. தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், 1970களின் பிற்பகுதியிலேதான் அவை படிப்படியாகக் கல்வித் திணைக்களத்தின் கீழ் வந்தன. நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இடையே ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட இடைவெளி இவ்வாறு சட்டத்தாலேயே உண்டாக்கப்பட்டது. பிரசாவுரிமைச் சிக்கல் முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதனிடையே தமிழர் அரசியல் மேடையிலே ஒலித்தது எது? தரப்படுத்தல். 1971ஆம் ஆண்டு அனுமதியின்போது பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழி மாணவர் 400க்கு 250 புள்ளி பெற வேண்டும், சிங்களமொழி மாணவருக்கு 227 போதும் என்று வகுத்தார்கள். அநீதிதான். அதனை எதிர்த்தது முற்றிலும் நியாயம். 250, 227 என்ற இரண்டு எண்களையும் சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறை வளர்ந்தது. ஆனால் அந்த நாளில் றக்வானைத் தோட்டத்துப் பிள்ளைக்கு 250ஆல் வந்த நட்டம் என்ன? ஒன்றுமில்லை. ஏனெனில் அவன் பரீட்சை மண்டபத்துக்கே வரவில்லை. வரிசையில் நிற்பவனுக்கு அநீதி இழைக்கப்பட்டபோது முழங்கினோம். வரிசைக்கே வர முடியாதவனைப் பற்றி அத்தனை உரத்துப் பேசினோமில்லை. மலையகத் தமிழரின் உரிமை பறிபோனதை எதிர்த்து 1949இல் உருவான அரசியலின் வழிவந்தவர்கள் நாங்கள். அந்தத் தொடக்கத்தை நினைக்கும்போது இந்த மௌனம் எங்களை உறுத்துகிறது. அதனைச் சொல்லிவிட்டே மேலே செல்ல விரும்புகிறோம்.

மாவட்டம் என்னும் அளவுகோல்

இன்றைய நிலை என்ன? பல்கலைக்கழக இடங்களிலே நூற்றுக்கு 40 நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், எஞ்சிய 5 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்றும் பகிரப்படுகின்றன. பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களிலே இரத்தினபுரியும் ஒன்று. கேகாலை அவற்றுள் இல்லை.

கேட்பதற்கு நன்றாயிருக்கிறது அல்லவா? "நம் மாவட்டத்துக்குச் சலுகை உண்டு, பிறகென்ன குறை?" என்று கேட்போரும் உளர். சட்டத்தரணி என்ற முறையில் இந்த விதியின் ஓட்டையைக் காட்ட வேண்டியது எம் கடமை. இந்த விதிக்கு மாவட்டம் ஒன்றே அளவுகோல். மாவட்டத்துக்கு உள்ளே இருக்கும் மேடு பள்ளம் அதன் கண்ணுக்குத் தெரியாது. இரத்தினபுரி நகரிலே ஆய்வுகூடமும் ஆசிரியரும் நிறைந்த பாடசாலையில் கற்கும் பிள்ளையும், றக்வானை மலையிலே கணித வகுப்பே இல்லாத பாடசாலையில் கற்கும் பிள்ளையும் அந்த விதியின் முன் ஒன்றே. மாவட்டம் பின்தங்கியது என்று எண்ணிக் காட்டும்போது நம் பிள்ளைகளின் வறுமையும் கணக்கில் சேர்கிறது. இடம் பகிரும்போது நம் பிள்ளைகள் பந்தியிலேயே இல்லை.

நகரத்துப் பிள்ளைகளின் மீது எமக்குப் பொறாமை இல்லை. அவர்களும் உழைப்பாளிகளின் பிள்ளைகளே. அவர்கள் இலையிலிருந்து எடுத்து நம் இலையில் வைக்கச் சொல்லவில்லை. நம் பிள்ளைக்கும் பந்தியில் ஓர் இலை போடுங்கள் என்றே கேட்கிறோம்.

இதற்கு வழியில்லாமல் இல்லை. முன்னர் சொன்ன தமிழ்நாட்டிலே, ஒரே மாவட்டத்துக்குள் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் வசதி மிக்க தனியார் பள்ளிப் பிள்ளைக்கும் உள்ள இடைவெளியை உணர்ந்து, 2021ஆம் ஆண்டு முதல் பொறியியல் முதலிய தொழிற்கல்வி இடங்களில் 7.5 விழுக்காட்டை அரசுப் பள்ளி மாணவருக்கென ஒதுக்கினார்கள். அங்கே அளவுகோல் ஊரன்று. பிள்ளை படித்த பள்ளி. அதனை அப்படியே இங்கு நட வேண்டும் என்று சொல்லவில்லை. மாவட்டத்தை மட்டும் அளந்தால் போதாது, பாடசாலையையும் அளக்க வேண்டும் என்ற நியாயம் உலகில் ஏற்கப்பட்ட நியாயமே என்று காட்டவே சொன்னோம்.

மொழியா? கணிதமா?

சபரகமுவையிலே கணிதப் பிரிவைத் தமிழ்மொழியில் ஆண்டுதோறும் தடையின்றி நடத்தும் பாடசாலைகள் மிகச் சில. இதனால் நம் பெற்றோர் முன் ஒரு கொடிய தெரிவு நிற்கிறது. பிள்ளையைத் தமிழிலே படிக்க வைத்துக் கலைப் பிரிவோடு நிறுத்துவதா? அல்லது சிங்களமொழிப் பாடசாலையிலே சேர்த்து விஞ்ஞானம் கற்பிப்பதா? இரண்டாவது வழியை எடுத்த பெற்றோரை எவரும் பழிக்கக் கூடாது. பிள்ளையின் எதிர்காலத்தைக் கருதியே அவர்கள் அதைச் செய்தார்கள். ஆனால் தாய்மொழியையும் கணிதத்தையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து ஒன்றை எடு என்று ஓர் அரசு சொல்லலாமா?

நாட்டின் அரசியலமைப்பு என்ன சொல்கிறது? 21ஆம் உறுப்புரை, தேசிய மொழிகள் இரண்டில் எதன் வாயிலாகவும் கல்வி பெற ஒவ்வொருவருக்கும் உரித்துண்டு என்கிறது. 12ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. எல்லா மட்டங்களிலும் கல்வி பெறுவதற்குச் சமவாய்ப்பை உறுதி செய்வது அரசின் நெறி என்று 27ஆம் உறுப்புரை கூறுகிறது. அழகான வாசகங்கள். ஆனால் 27ஆம் உறுப்புரையின் நெறிகளை நீதிமன்றில் வலியுறுத்த முடியாது என்று 29ஆம் உறுப்புரை சொல்லி முடிக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான். உறுதியிலே காணி எழுதியிருக்கிறது. போய்ப் பார்த்தால் காணியைக் காணோம்.

சரி, மாகாண சபையிடம் கேட்கலாம் என்றால், சபரகமுவ மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்து, அதன்பின் பல ஆண்டுகள் தேர்தலின்றி ஆளுநரின் நிருவாகமே நடந்தது. நம் மக்கள் பேசுவதற்கிருந்த ஒரு வாயும் அடைபட்டது.

செய்ய வேண்டியவை

இனிப் பேச்சைக் குறைத்துச் செயலுக்கு வருவோம்.

பெற்றோர்களே! பிள்ளை தரம் ஒன்பதில் இருக்கும்போதே பாடசாலைக்குச் சென்று, உயர்தரத்தில் என்னென்ன பாடங்கள் உண்டு என்று கேளுங்கள். கணிதப் பிரிவு இல்லையென்றால் எங்கு உண்டு, விடுதி வசதி உண்டா என்று அப்போதே தேடுங்கள். சாதாரண தரப் பெறுபேறு வந்த பின் தேடுவது, பஸ் புறப்பட்ட பின் சீட்டு வாங்குவது போலாகும். ஆனால் வேறு மாவட்டப் பாடசாலைக்கு மாற்றுமுன் ஒன்று செய்யுங்கள். பிள்ளை எந்த மாவட்டத்தவராகக் கணிக்கப்படுவார் என்பதற்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலிலே விதி இருக்கிறது. அந்தக் கைநூல் தமிழிலும் வெளிவருகிறது. அதனை வாசித்தோ, வாசிக்கத் தெரிந்தவரிடம் கேட்டோ முடிவெடுங்கள். பெண்பிள்ளைக்குத் தூரத்துப் பாடசாலை வேண்டாம் என்று தயங்குவோருக்கு ஒரு சொல்: கணிதத்தில் 'ஏ' எடுத்தவள் உங்கள் மகளாயின், அந்த 'ஏ' அவளுடைய சொத்து. அதனை முடக்க நமக்கு உரிமை இல்லை.

மாணவர்களே! உயர்தரம் ஒரு முறை தவறினால் உலகம் முடிந்துவிடாது. மூன்று முறை தோற்ற இடமுண்டு. அதிலும் பொறியியற் பீடம் கிட்டாதவருக்குச் சுற்றுவழிகள் உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப நிறுவகம் நடத்தும் தேசிய தொழினுட்ப டிப்ளோமா, உயர் தேசிய பொறியியல் டிப்ளோமா, திறந்த பல்கலைக்கழகத்தின் பொறியியற் கற்கைநெறிகள், தொழிற்பயிற்சிச் சான்றிதழிலிருந்து படிப்படியாக ஏறிச் செல்லும் தொழினுட்பவியல் பல்கலைக்கழகம் ஆகியவை அவை. நம் மாவட்டத்து பெலிஹுல்ஓயாவிலுள்ள சபரகமுவப் பல்கலைக்கழகத்திலே நில அளவை விஞ்ஞானம் இருக்கிறது. கணிதப் பிரிவு மாணவர் அதனையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனால் கவனியுங்கள்: இந்தச் சுற்றுவழிகளிலே பெரும்பாலானவற்றுக்கும் அடிப்படை கணிதமே.

உத்தியோகத்தர்களே! பொறியியலாளராகவும் கணக்காளராகவும் ஆசிரியராகவும் இருப்பவர்களே! உங்களிடம் பணம் கேட்பதற்கு முன் நேரம் கேட்கிறோம். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இந்த ஊருக்குக் கொடுங்கள். இரசாயனத்திற்கு ஒருவர், பௌதிகத்திற்கு ஒருவர், இணைந்த கணிதத்திற்கு இருவர் போதும். ஒரு வகுப்பு உண்டாகிவிடும். விவசாய நண்பர்களே! வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு மதியச் சோறும், தூரத்திலிருந்து வரும் ஆசிரியருக்கு ஓரிரவு தங்க ஒரு வீடும் உங்களால் கொடுக்க முடியும். இந்த ஊரிலே பள்ளிக்கூடங்களின் முதற்கூரை போட்டவர்கள் கூலிப்பணத்தில் சேர்த்த மக்களே என்பதை மறவாதீர்கள்.

ஆனால் ஞாயிறு வகுப்பு அரசாங்கத்தின் கடமைக்கு ஈடாகாது. தானம் கொடுப்பவர் ஒரு நாள் நிறுத்தலாம். உரிமையை எவரும் நிறுத்த முடியாது. ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. இரத்தினபுரி மாவட்டத்தில் ஒன்றும் கேகாலை மாவட்டத்தில் ஒன்றுமாக இரு தமிழ்மொழிப் பாடசாலைகளிலே, கணிதப் பிரிவு மூன்று பாடங்களுக்கும் நிரந்தர ஆசிரியரும் முழுமையான ஆய்வுகூடமும் வேண்டும். அவற்றோடு ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி விடுதி வேண்டும். ஏனெனில் தோட்டப் பாதையில் பஸ் வரும் நேரம் உங்களுக்கே தெரியும். நியமனம் பெற்ற கணித, விஞ்ஞான ஆசிரியர் சில மாதங்களில் இடமாற்றம் வாங்கிச் சென்றுவிடாமல், குறித்த ஆண்டுகள் இங்கு பணியாற்றும் ஏற்பாடு வேண்டும். அவ்வாறு தங்குவோருக்கு வீடும் மேலதிகப் படியும் கொடுக்க வேண்டும். இந்த மூன்று கோரிக்கைகளையும் எழுதிய மனு வாயிலில் இருக்கிறது. கையொப்பம் இடுமுன் வாசியுங்கள். வாசிக்க முடியாதவருக்கு அருகில் இருக்கும் மாணவர் வாசித்துச் சொல்லட்டும்.

முடிவாக ஒன்று. முதலில் சொன்ன தந்தையையும் மகனையும் பற்றிக் கேட்பீர்கள். மகன் கலைப் பிரிவிலேயே நன்றாகத் தேறினான், படிப்பை விடவில்லை. அவனைக் குறித்து எமக்குக் கவலையில்லை, வருத்தம் மட்டுமே உண்டு. அன்று புறப்படும்போது அந்தத் தந்தை வாசலில் நின்று திரும்பி, "இவனுக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கா, ஐயா. இப்ப ஒன்பதாங் கிளாஸ். கணக்குல அண்ணனவிட கெட்டி" என்றார்.

அந்தத் தங்கையின் வழக்கு இன்னும் காலாவதியாகவில்லை. அவளுக்குத் தவணை இன்னும் இரண்டாண்டு இருக்கிறது. அந்த இரண்டாண்டுக்குள் இந்த மலையிலே ஒரு கணித வகுப்பு உண்டாக வேண்டும். உண்டாக்குவது அவள் கையில் இல்லை, நம் கையில் இருக்கிறது.